சித்தப்பா கண்டுபிடித்த வலை

ஜமுனாமரத்தூர்,
மாசிக் கடைசி வெள்ளி.

அன்பு மகள் தேவயானிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடுகளும் சுகம், புனேவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்கக் குலசாமி பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சிக்னல் போய்விடுகிறது, என் கோபம் பாதியில் நிற்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் சித்தப்பா சந்திரன் இப்போது விஞ்ஞானி. நீ சிரிப்பாய், இங்கே யாரும் சிரிப்பதில்லை. புளி உலுக்கும்போது பாறையில் விழுந்து நொறுங்காமல் இருக்க மரத்தடியில் பழைய மீன்வலையைத் தூளி மாதிரிக் கட்டுவது நீ கைக்குழந்தையாக இருந்தபோதே உங்கப்பா செய்ததுதான். சித்தப்பா அதைப் பார்த்துப் போன வருஷம்தான் தன் மரத்தில் கட்டினார், அதுவும் கோணலாக. ஆனால் அவர் மரம் ரோட்டு வளைவில் நிற்கிறது, நம் மரம் ஓடைக்கு அந்தப் பக்கம். சுற்றுலா வந்த வேன் ஒன்று டயரில் ஆணி ஏறி அந்த வளைவில் நின்றது, பொழுது போகாத ஒரு பெண் வலையை வீடியோ எடுத்துப் போட்டாள், உலகமே பார்த்துவிட்டது. அவ்வளவுதான் அவர் மூளை. அந்த ஆணிக்குத்தான் சால்வை போர்த்தியிருக்க வேண்டும்.

பிறகு எவனோ ஒருவன் இன் பண்ணிய சட்டையோடு வந்து காப்புரிமை வாங்கித் தருகிறேன் என்று இவரைக் கிளப்பிவிட்டான். சித்தப்பா ஒரு தாளோடு வந்து சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். பங்காளி நீட்டுகிற தாளைப் படித்துப் பார்த்தால் மரியாதையில்லையாம், உங்கப்பா பேனாவைத் தேடியெடுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்படி ஒரு வலையை முதன்முதலாகச் சந்திரன் மரத்தில்தான் பார்த்தேன் என்று அதில் எழுதியிருந்ததாம். அதற்கு டீ வேறு போடச் சொன்னார், நானும் போட்டேன். இப்போது சித்தப்பா சந்தையில் நின்றுகொண்டு, "இனிமே எவனா இருந்தாலும் என்னாண்ட கேட்டுட்டுத்தான் வலை கட்டணும்" என்கிறார். வக்கீலிடம் வேலை பார்க்கும் ஷோபனாவைக் கேட்டேன். விண்ணப்பம் போட்டதற்கு வந்த நம்பரைத்தான் அவர் உரிமை என்று காட்டித் திரிகிறார், ஊரறியச் செய்துவருவதைத் தன்னுடையது என்று வாங்க முடியாது என்றாள்.

இதைச் சொல்லியும் உங்கப்பா வலையை அவிழ்த்துக் கொட்டகையில் போட்டுவிட்டார். புளியெல்லாம் பாறையில் உடைகிறது. பயந்தாங்கொள்ளி என்று வாய் வலிக்கத் திட்டினேன். நேற்றுத்தான் பேசினார். எங்கள் சித்தப்பாவின் கண்டுபிடிப்பு, பெருமையாக இருக்கிறது என்று அந்த வீடியோவை நீ ஸ்டேட்டஸில் வைத்தாயாமே, பக்கத்து வீட்டுப் பூவரசன் அவரிடம் காட்டியிருக்கிறான். "பொண்ணே சொல்லிட்ச்சி, அப்புறம் இன்னா" என்றார்.

சித்தப்பா அற்பம், இன் பண்ணி வந்தவன் அவரைவிட அற்பம், அவர்களை விடு. நீ எப்படியடி மறந்தாய்? நீ பள்ளிக்கூடம் போகிற வயசு வரைக்கும் உங்கப்பா மத்தியானம் உலுக்குவதை நிறுத்திவிட்டு உன்னை அந்த வலையில் போட்டுத்தான் தூங்கவைப்பார்.

இன்று காலை நானே வலையைக் கட்டினேன். அவர் கொட்டகை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கிட்டே வரவில்லை. நான் போட்ட முடிச்சு நிற்காமல் ஒரு பக்கம் தொங்குகிறது.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, வாரம் ஒருமுறை தலைக்கு எண்ணெய் வை. ஆயுசோடும் நல்ல பெயரோடும் இரு. இது கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் போடு. மன்னிப்பெல்லாம் வேண்டாம், அவருக்குக் கூச்சம். அம்மா போட்ட முடிச்சு அவிழ்கிறதாம், நீங்கள் எப்படிப் போடுவீர்கள் என்று மட்டும் கேள்.

உன் அம்மா,
ராணியம்மாள்