முதலில் வந்தவனின் ரத்தம்

அன்புள்ள கீச்சுக்கு,

மார்ச் 12, வியாழக்கிழமை, காலை 10.40. என் ரத்தத்தை அளவுகோலாக வைத்து நான் சோதித்த குழந்தைகள் முப்பத்தேழு பேர். அதில் ஒருவன் உன் தம்பி.

நீயும் மாப்பிள்ளையும், வயிற்றில் இருக்கும் ஐந்து மாதமும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். இங்கே உயிருக்குக் குறைவில்லை. உன் அப்பா பேனாவைத் தொட மாட்டேன் என்கிறார், உன்னைவிட எட்டு வயதுதான் கூட என்றாலும் சித்தப்பா சித்தப்பாதானே, வீட்டுக் கடிதம் என் தலையில் விழுந்தது. போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் எரிந்து விழுவேன். கடைசி வரை படி.

குழந்தையின் ரத்தத்தில் ஒரு நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும்போது, நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் அதே நாளில் அளந்து ஒப்பிட வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அதற்கென்று ஆள் தேடுவதில்லை, காலையில் முதலில் வருகிறவர் கையை நீட்டுவார். மற்றவர்கள் ஆடி அசைந்து வருவதற்குள் நான் வந்து உட்கார்ந்திருப்பேன். "நார்மல் வந்தாச்சு, வேலையை ஆரம்பிங்கப்பா" என்று தலைமை மருத்துவர் கிண்டல் செய்வார். எனக்கும் அதில் ஒரு திமிர். நான்கு வருடத்துக்கு முன் உன் தம்பி சின்னவனுக்கு வலிப்பு வந்து, பேசிக்கொண்டிருந்த நாலு வார்த்தையும் போனபோது அவனைச் சோதித்ததும் நான்தான். ஒப்பிடும் ரத்தத்தில் உள்ள அளவில் கால் பங்குக்குக் கீழே போனால் நோய். அவனுக்கு இருபத்தெட்டு சதவீதம் வந்தது. நோய் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். ஒப்பிட்டது என் ரத்தத்தோடு.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் பழைய அளவுகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "சார், நீங்க கை நீட்டுன நாள்ல மட்டும் நார்மல் அளவு பாதிதான் வருது" என்றாள். உனக்குக் கணக்கு வராது என்று அவள்மேல் பாய்ந்தேன். என் ரத்தத்தை மூன்று முறை எடுத்தோம், மூன்றும் பாதிதான். பழுதான மரபணு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒன்றால் ஒன்றும் ஆகாது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் நோய். சின்னவனுக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது. ஒப்பிட்ட என் ரத்தமே பாதி என்பதால் அவனுடைய உண்மையான அளவு பதினான்கு. சொந்தக்காரர் ரத்தத்தோடு ஒப்பிடக் கூடாது என்பது முதல் வருடப் பாடம். அண்ணன் மகனாயிற்றே என்ற அவசரத்தில் வேறு ஆள் வரும்வரை நான் காத்திருக்கவில்லை.

மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை, தினம் ஒரு வைட்டமின் மாத்திரை. மூன்று வாரமாகக் கொடுக்கிறோம். வலிப்பு நின்றுவிட்டது, கொட்டின முடி முளைக்கிறது. இடையில் கேட்காமல் போன காது மட்டும் திரும்பாது. அன்றைக்கே கொடுத்திருந்தால் காது போயிருக்காது. உன் அம்மாவிடம் சமையலறையில் நின்றபடியே சொல்லிவிட்டேன். அவர் பாத்திரத்தைக் கழுவி முடித்தார். பிறகு, "நாலு வருஷமா நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சிட்டிருந்தேன்டா" என்றார். அவ்வளவுதான். அப்பா, நான் உள்ளே வந்தால் செய்தித்தாளோடு மாடிக்குப் போய்விடுகிறார்.

உன் கல்யாணத்துக்கு முன்னால் நீ கேட்டபோது, நம் குடும்பத்தில் அப்படி எதுவும் இல்லை என்று அடித்துச் சொன்னேன். அது தப்பு. பழுதான மரபணு உன்னிடமும் இருக்கலாம். மாப்பிள்ளையிடமும் இருந்தால்தான் குழந்தைக்கு ஆபத்து, அதுவும் நாலில் ஒரு வாய்ப்பு. பயப்படாதே என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. இருவரும் உங்கள் ஊரிலேயே சோதனைக்கு ரத்தம் கொடுங்கள், என்னிடம் அனுப்பாதீர்கள். பிறந்ததும் குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இதற்குச் சோதிக்கச் சொல், மறக்காதே. நோய் இருந்தாலும் முதல் வாரமே மாத்திரை தொடங்கினால் எல்லாக் குழந்தையையும் போல வளரும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். திட்ட வேண்டும் என்றால் எழுதித் திட்டு, மனதில் வைத்துக்கொள்ளாதே.

இனி நான் செய்யப்போவது:

1. மீதி முப்பத்தாறு பேரில் ஐந்து பேருக்கு முடிவு மாறுகிறது. ஐந்து வீட்டுக்கும் நானே நேரில் போவது. முதல் வீடு நாளைக் காலை.
2. அந்தப் பெண்ணிடம், கணக்கு வராதது எனக்குத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்வது.
3. சனிக்கிழமை சின்னவனுக்குச் சைகை மொழி கற்றுக்கொடுக்க ஆசிரியை வருகிறார். அவன் பக்கத்தில் நானும் உட்காருவது. மன்னிப்புக் கேட்கக் கையை எப்படி அசைக்க வேண்டும் என்று முதலில் கேட்பது.

உன் சித்தப்பா