தண்ணீர் ரயில் புறப்பட்டுவிட்டது

சித்திரை 29. காலை 6.15. வெளி வெப்பம் 46. தொட்டி முக்கால்.

இதை எடுத்துப் படிக்கிற புண்ணியவானுக்கு: இந்த வறட்சி முழுவதும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். பேருந்து நிலைய டீக்கடையில் வைத்தே சொன்னேன், கோவில்பட்டியில் ஒரு நாள் ஐம்பது டிகிரி அடிக்கும், கண்மாய்க்குள் கார் ஓட்டலாம் என்று. சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாம் இன்று அரசாங்கம் போட்ட மலை முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

என் பெயர் குருவையா. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது; விஞ்ஞானம் விடவில்லை. மொட்டை மாடி அறையில் இருந்துகொண்டு நீர்பிடிப்பானைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் குடிநீராக்குகிற இயந்திரம். விற்றவன் நாளுக்குப் பன்னிரண்டு லிட்டர் என்றான். நான் உள்ளே ஒரு கம்பியை மாற்றி இருபதாக்கினேன். சரி, பதின்மூன்று.

கீழே நிலவறையில் என் தங்கை ஆவுடைச்செல்வியும் அவள் வீட்டுக்காரர் பூசைத்துரையும் இருக்கிறார்கள். மாடிப்படி வெட்டவெளியில் இருக்கிறது; வெயில் ஏறிவிட்டால் கால் வைக்க முடியாது. ஆகையால் பேச்செல்லாம் வாக்கி டாக்கியில். தண்ணீர் குழாய் வழியே இறங்கும். தளத்துக்குச் சுண்ணாம்பு, குடிக்க உப்புப் போட்ட நீராகாரம், ஜன்னலுக்கு நனைத்த சாக்கு. எல்லாம் என் திட்டம். சாக்கு மட்டும் தங்கை கட்டியது.

வைகாசி 1. காலை 7.40. வெப்பம் 48. தொட்டி அரை.

தெருவில் ஒலிபெருக்கி. மலை முகாமுக்குக் கடைசி வண்டி நாளைக் காலை. அதற்குப் பிறகு ஊருக்குள் வண்டி வராது.

பூசைத்துரை கீழிருந்து: "மச்சான், மூட்டையக் கட்டிருவோம். ஒங்க மெசினு இருமிக்கிட்டுக் கெடக்கு. எனக்கு இங்க வரைக்கும் கேக்கு."

நான்: "அது இருமல் இல்ல மாப்ளே. அழுத்தம் மாறுற சத்தம்."

"அழுத்தம் ஒங்களுக்குத்தான். ஜில்லா பூரா பேசுற ரேடியோ செஞ்சிருக்கேன்னு கல்யாண வீடு, கருமாதி வீடு பாக்காமச் சொன்னீங்க. அதுல இதுவரைக்கும் ஒருத்தனாவது பேசியிருக்கானா?"

அந்த ரேடியோ பழைய சாமான்களிலிருந்து நானே கட்டியது. உடனே நிவாரணக் கட்டுப்பாட்டு நிலையத்தை அழைத்தேன். வந்த பதில்:

"கட்டுப்பாட்டு நிலையம் பேசுகிறது. குருவையா ஐயா, தங்களைப் போல் விவரமானவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது. தண்ணீர் ரயில் புறப்பட்டுவிட்டது. வியாழக்கிழமை கோவில்பட்டிக்கு வந்துவிடும்."

கீழே தெரிவித்தேன். பூசைத்துரை, "அந்தாளு கொரல எனக்கும் ஒருக்க கேக்க வைங்க" என்றார். ரேடியோ பேட்டரி இறங்கிவிட்டது என்றேன்.

தங்கை அவரிடமிருந்து வாக்கி டாக்கியை வாங்கிவிட்டாள் போல. "எங்கண்ணன் சொன்னாச் சொன்னதுதான். அவுக பேச்சைக் கேட்டு நான் கெட்டுப்போனதில்ல. வேணும்னா நீங்க மட்டும் போங்க."

கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். நான் சொல்வது தப்பென்று அவளுக்கே தெரிந்தாலும், புருஷன் முன்னால் என் பேச்சைக் கீழே விழ விடமாட்டாள். கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை இல்லை. வேறு சொல் அகப்படவில்லை.

வைகாசி 2. காலை 6.30. வெப்பம் 47.

வண்டி வந்தது. எங்கள் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. வாக்கி டாக்கி பொத்தான் மேலேயே என் விரல் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வண்டி போய்விட்டது.

பூசைத்துரையும் போகவில்லை. அவர் பொத்தானை விடாமலே என் தங்கையிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "நீ இல்லாம அங்க போயி, ஒங்கண்ணன் அளக்குற கதைய நான் யாருகிட்டக் கேக்க?"

அவள் சிரித்தாள். நான் ஒலியைக் குறைத்துவிட்டேன்.

வைகாசி 5. வியாழன். பகல் 1.00. வெப்பம் 53. தொட்டியில் அடித்தண்ணீர்.

ரயில் வரவில்லை. கட்டுப்பாட்டு நிலையத்தின் பதில்: "தண்டவாளம் வெயிலில் நெளிந்துவிட்டது ஐயா. சரி செய்கிறோம்."

பறந்துகொண்டிருந்த காகம் ஒன்று வெந்து மாடியில் விழுந்தது. விழுந்தது நிஜம். வெந்து என்பது நான் சேர்த்தது. நீர்பிடிப்பான் நின்றுவிட்டது. காற்றில் ஈரம் இல்லை என்று கீழே சொன்னேன். திறந்து பார்த்தால், நான் மாற்றிய கம்பி கருகிக் கிடக்கிறது.

வைகாசி 7. பகல் 11.20. வெப்பம் 54.

பூசைத்துரை: "மச்சான், அவளுக்கு வேர்வை நின்னுபோச்சு. ஒடம்பு அடுப்புல இருக்க சட்டியாட்டம் சுடுது. என்னை மாமான்னு கூப்பிடுதா, அவளப் பெத்த அய்யான்னு கூப்பிடுதா, மாத்தி மாத்திப் பேசுதா. நான் கேலிக்குச் சொல்லல. அந்த நெலையத்துக்காரங்ககிட்டக் கேளுங்க. கெஞ்சிக் கேளுங்க."

கேட்கிறேன் என்றேன். என் பங்குத் தண்ணீரைக் குழாயில் இறக்கினேன். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

இன்று விடியுமுன் படி ஆறியிருந்தது. இறங்கிப் போயிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த நிலையத்தின் பதிலை என்னால் சொல்ல முடியாது. அதனால் இறங்கவில்லை.

வைகாசி 8. காலை 10 இருக்கும். வெப்பமானியில் பாதரசம் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

பூசைத்துரை: "ரயிலு ஆளு கொரல ஒருக்க கேக்கணும்ங்கா. கேட்டா தாங்கிக்கிடுவேன்ங்கா. கருவிய அவ காதுல வச்சிருக்கேன். பேசச் சொல்லுங்க மச்சான்."

நான் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். "கட்டுப்பாட்டு நிலையம் பேசுகிறது. தண்ணீர் ரயில் புறப்பட்டுவிட்டது அம்மா. பக்கத்தில் வந்துவிட்டோம்."

தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து என் குரலைக் கேட்டு வளர்ந்தவள். மூச்சு இரைக்கச் சொன்னாள்:

"சரிங்க சார். எங்கண்ணன் மாடில தனியா இருக்காக. தாகம் பொறுக்க மாட்டாக. அவுகள மொதல்ல ஏத்திக்கிடுங்க."

பிறகு பூசைத்துரை, "ஆவுட. ஏ ஆவுட" என்றார். பலமுறை கூப்பிட்டார். பிறகு அவரும் கூப்பிடவில்லை.

மறுபடி. நேரம் பார்க்கவில்லை.

கீழே அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. படியில் இறங்கப்போகிறேன். வெயில் முழுக்க ஏறிவிட்டது.

படிக்கிறவருக்கு. நான் எழுதியதில் எதை வேண்டுமானாலும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுப்பாட்டு நிலையத்தை மட்டும் முழுசாகக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். என் ரேடியோவில் ஒரு நாளும் ஒருவரும் பேசவில்லை. பேசவில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். ரயில் என்று ஒன்று