வாசிக்காமல் விட்ட வரி

ஆகஸ்ட் 12, 1979, ஞாயிறு. போளூர்.

மலையடிவாரத்து ஊரில் அருளப்பன் அடக்கத்துக்குப் போய் வந்தேன். கத்தோலிக்கராகப் பிறந்தவர். ஐந்து வருடம் முன்பு ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். மனைவி லூர்து பழைய கோயிலை விடவில்லை.

கத்தோலிக்கக் கல்லறை வாசலில், சாமியாருக்குப் பதிலாகக் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் மறித்தார். "அமிர்தி ஓடையில போய் முங்கினாரு. படுக்க மட்டும் எங்க எடமா?"

"எம்புள்ள அங்கதான கீறான், அய்யா," என்ற லூர்து என்னைக் காட்டினார். "போன மாசம் சார் அவருகிட்ட கேட்டு எழுதிக்கினு போனாரு. இன்னா சொன்னாருன்னு படிக்கச் சொல்லுங்க."

நோட்டைப் பிரித்தேன். "நான் கிறிஸ்தவன்தாங்க. செத்தா எம்புள்ள பக்கத்துல போட்டா போதும்" என்று வாசித்தேன். அடுத்த வரி, "மாதாவும் நம்மள மாதிரி மனுஷிதாங்க, நான் கும்புடறதில்ல." அதை வாசிக்காமல் மூடிவிட்டேன். ஊர் ஊராகப் போய் ஆட்கள் சொல்வதை எழுதி எடுக்கும் இத்தனை வருடத் தொழிலில் ஒருவர் சொன்னதை நான் குறைத்ததில்லை.

உபதேசியார் சற்று யோசித்தார். பிறகு வழிவிட்டார். பெட்டியை மூடும் முன் மாதாவை வேண்டி உருட்டும் தன் ஜெபமாலையைக் கழற்றி, அருளப்பனின் விரல்களில் பொறுமையாகச் சுற்றினார்.

லூர்து என்னைப் பார்த்தார். அன்று அருளப்பன் மாதாவைப் பற்றி அப்படிச் சொன்னபோது பக்கத்தில் இருந்தவர்தான். அந்த மாலையோடுதான் ஆணி அடித்தார்கள்.