செவ்வாய்க்கிழமைக் கையெழுத்து

பிளைத், ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பி ஃபெர்மினுக்கு,

அண்ணி எர்லிந்தா எழுதுவது. நீ எல்லை தாண்டி சான் லூயிஸில் சித்தி வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அவள் மகள் சொன்னாள். நான் நலம். வெயில் மட்டும் ஆளைக் கொல்கிறது. நீ என் வாசலில் விட்டுப்போன வேனை ஷெரீப்பின் ஆட்கள் இழுத்துப் போய்விட்டார்கள். உள்ளே இருந்த பழைய மெத்தைகளைத் தெருவிலேயே வீசிவிட்டுப் போனார்கள். எடுத்து வைத்திருக்கிறேன்.

கிளம்புகிற அன்று போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "அண்ணி, நீங்கதானே என்னைக் காட்டிக்குடுத்தது?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

பிப்ரவரியில் துணி துவைக்கும் கடைக்காரி வில்மா சில்லறை மாற்றிக் கொடுத்துக்கொண்டே, "உன் வீட்டுக்காரரை நேத்து பார்த்தேனே, கை காட்டினேன், கண்டுக்காமப் போறாரு. அவ்வளவு பெரிய மனுஷனாயிட்டாரா?" என்றாள். எவாரிஸ்தோவைப் புதைத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. இவளுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். சங்கடப்படுத்த வேண்டாமென்று, "வேலை அவசரமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மே மாதக் கடைசியில் சாக்ரமெண்டோவிலிருந்து மாநில அரசின் பெண் அதிகாரி ஒருத்தி வந்தாள். ஹாலோரன் என்று பெயர், அமைதியான பேச்சு. மேசைமேல் ரசீதுகளைப் பரப்பினாள். சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால், காலிக் குளிர்பான டப்பாவைக் கொடுத்தால் வாங்கும்போது கட்டிய வைப்புக் காசைத் திருப்பித் தருகிற யார்டின் ரசீதுகள். எல்லாவற்றிலும் எவாரிஸ்தோ சால்சிதோ என்ற பெயர், அவர் லைசென்ஸ் எண். 'இந்த டப்பாக்கள் கலிபோர்னியாவில் வாங்கியவை என்று உறுதி கூறுகிறேன்' என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்து. இடது கைக்காரர் என்பதால் பின்பக்கமாகச் சாயுமே, அதே சாய்வு.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற மாநிலம், அங்க டப்பா வாங்குறவங்க யாரும் வைப்புக் காசு கட்டுறதில்லைம்மா. கட்டாத காசை நாங்க எப்படித் திருப்பித் தர்றது?" என்று என்னிடமே கேட்டாள். இறப்புச் சான்றிதழை எடுத்து வந்து காட்டினேன். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "செத்தவர் செவ்வாய்க்கிழமை தவறாம வந்து சத்தியம் பண்றாரே" என்றாள். சிரிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் நண்பகலில் யார்டுக்கு எதிரே காரை நிறுத்தி உட்கார்ந்தேன். தெருவில் நாய்கூட இல்லை. ஒரு வேன் வந்தது. அதிலிருந்து அவர் இறங்கினார். அவருடைய வைக்கோல் தொப்பி, அவருடைய கட்டம் போட்ட சட்டை. மூட்டையை இடது தோளில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். காரின் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டேன் தம்பி. அப்போது நீ திரும்பினாய்.

முதலாண்டுப் பூசை முடிந்து மார்ச்சில் அவர் துணிப்பெட்டியை உன்னிடம் கொடுத்தேன். கோட்டுப் பையில் லைசென்ஸ் இருந்தது எனக்குத் தெரியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குவார்ட்ஸைட்டில் குளிர்காலத்துக்கு வண்டியோடு வந்து தங்கிப் போகிறவர்கள் போட்ட டப்பாவையெல்லாம் சேர்த்து, மெத்தைக்கு அடியில் மறைத்துப் பாலம் தாண்டினாய். விவசாயச் சோதனைச் சாவடியில் பழம் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார்கள். எல்லாம் பிறகு தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த செவ்வாயும் போனேன். அதற்கடுத்ததும். உன் முதுகு மட்டும் தெரிகிற இடமாகப் பார்த்துக் காரை நிறுத்தினேன். நீ திரும்பப்போகிறாய் என்று தோன்றினால் கண்ணை மூடிக்கொள்வேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடமும் சொல்லவில்லை.

ஜூலையில் ஹாலோரன் கேமராப் படத்தைக் கொண்டுவந்து யார் என்று கேட்டாள். பின்பக்கம் தெரிந்த படம். "என் வீட்டுக்காரர்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. ஆனாலும் அப்படியே எழுதிக்கொண்டாள். உன்னைக் காட்டிக்கொடுத்தது நானில்லை. யார்டில் எடை போடுகிற லைல்தான், தன் பங்கு வெளியே வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே. உன் ரசீதுகள் ஏப்ரலில் தொடங்குகின்றன. அதற்கு முன்னால், ஜனவரியிலும் பிப்ரவரியிலும், ஆறு ரசீதுகள் இருக்கின்றன. அதே பெயர், அதே சாய்வு. அப்போது உன்னிடம் தொப்பியும் இல்லை, சட்டையும் இல்லை, லைசென்ஸும் இல்லை. பெட்டி என் கட்டிலுக்கு அடியில் பூட்டி இருந்தது.

டப்பாவே இல்லாமல் லைல் எழுதிய பொய் ரசீது என்கிறாள் ஹாலோரன். லைல் மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான், இந்த ஆறை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆள் வந்தாரு. ஒரு மூட்டைதான் கொண்டுவருவாரு. பேச மாட்டாரு. பழைய வாடிக்கையாச்சேன்னு நானும் லைசென்ஸ் கேக்கல, பழைய நம்பரையே எழுதிட்டேன். அவர் செத்தது எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறானாம். இவர் வேலை பார்த்த டயர் கடையில் சேரும் டப்பாவை உயிரோடு இருந்தபோது ஒவ்வொரு செவ்வாயும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவது உனக்கும் தெரியும்.

கிளம்பின அன்று போனில் நீயே சொன்னாயே, முதல் நாள் நீ போனதும் லைல் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "என்ன எவாரிஸ்தோ, ஒரு மாசமா ஆளையே காணோம்?" என்றான் என்று. அதை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்; பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் அந்த ஒரு மாதம்தான்.

வக்கீலைப் பார்த்தேன். நீயாகத் திரும்பி வந்தால் சிறை இருக்காது, தவணையில் கட்டச் சொல்வார்கள் என்கிறார். வா தம்பி. உன் பெயரைச் சொல்லி நில். ஆனால் எல்லா ரசீதையும் உன்னுடையது என்று ஒப்புக்கொண்டால் வழக்கு சீக்கிரம் முடியும், அந்த ஆறையும் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். அதற்கு மட்டும் நீ சம்மதிக்காதே. எத்தனை மாதம் இழுத்தாலும் சரி, வக்கீல் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ செய்ததற்கு நீ கையெழுத்துப் போடு. அந்த ஆறும் யாருடையதாகவும் இல்லாமல் அப்படியே இருக்கட்டும்.

ஒருவேளை அதுவும் ஏதோ ஒரு வழியில் உன் வேலைதான் என்றால், நீதிபதியிடம் சொல்லிக்கொள். என்னிடம் மட்டும் ஒருநாளும் சொல்லாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

குவாதலூப்பே மாதா உனக்குத் துணை இருப்பாள். பகலில் புறப்பட்டு வா.

உன் அண்ணி,
எர்லிந்தா சால்சிதோ