ஆர்வில் கொண்டுவந்த கட்டில் தூண்

அன்புள்ள ஸிக்ரிட்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே வெலிங்டனில் நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் பக்கம் குளிர் தொடங்கியிருக்கும், இங்கே விஸ்கான்சினில் ஏரிப் பனி இப்போதுதான் விரிசல் விடுகிறது. அம்மா போன பிறகு பட்டறையில் பேச ஆளில்லாமல் இருந்ததே, அதனால் போன வருஷம் வாசலில் ஒரு பலகை மாட்டினேன், பில்லியர்ட்ஸ் கோல் வேண்டுபவர்கள் சனிக்கிழமைகளில் வந்து கூடவே நின்று தங்கள் கோலைத் தாங்களே செய்யலாம் என்று. கடைசல் லேத் பக்கம் வெளியாள் யாரையும் அண்டவிடாத அப்பாவா இப்படி என்று நீ சிரிப்பாய். மரம் பொறுக்குகிறார்கள், கடைகிறார்கள், கைப்பிடிக்கு நூல் சுற்றுகிறார்கள், பாதி வேலையை நான் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது, இருந்தாலும் அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது.

உன் பள்ளி பஸ்ஸை ஓட்டிய ஆர்வில் டிரெட்வே ஞாபகம் இருக்கிறதா, அவருடைய மகன் கர்ட்டிஸ் நவம்பரில் மாரடைப்பில் போய்விட்டான், நாற்பது வயது கூட ஆகவில்லை. ஜனவரியில் ஆர்வில் ஒரு வால்நட் கட்டையைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தார். கர்ட்டிஸ் சின்ன வயதில் படுத்த கட்டிலின் தலைமாட்டுத் தூண். இதுல ஒரு கோல் வேணும் நார்பர்ட், நானே கடையணும், நீ பக்கத்துல நின்னாப் போதும் என்றார். கொஞ்சம் கடைந்து, மரம் வளையாமல் பதப்பட சில வாரம் தொங்கவிட்டு, மறுபடி கடைந்து, மார்ச் வரை அப்படியே போயிற்று. வேலைக்கு நடுவில் உன்னைப் பற்றித்தான் பேச்சு. அத்தனை வருஷம் உன் பொண்ண ஏத்திக்கிட்டுப் போனேன், ஒரு நாளாவது நேரத்துக்கு வாசல்ல நின்னிருக்காளாய்யா என்று சிரிப்பார், மகன் போனபின் அவர் சிரித்தது அங்கேதான் என்று அவர் மனைவி சொன்னாள்.

மூன்றாவது கடைசலின்போது அது நடந்தது. கட்டை சுழன்றுகொண்டிருக்கையில் ஒரு துள்ளு துள்ளி, நீளவாக்கில் பிளந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆர்வில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் கையாலேயே கெடுத்துட்டேனே, எதையும் மெதுவாப் பண்ணத் தெரியாதே எனக்கு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் லேத்தைப் பார்த்தேன். கட்டையின் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்கும் முளை தளர்ந்து கிடந்தது. அதை இறுக்க வேண்டியவன் நான், பேச்சு சுவாரசியத்தில் மறந்திருக்கிறேன். பரவால்ல ஆர்வில், மரம்னா சில சமயம் வெடிக்கும் என்று மட்டும் சொன்னேன். அவர் துண்டுகளை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் தேவாலயம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய், வாசல் பனியில் நின்றபடியே உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அப்போ நான் அழுத்தினதால இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அங்கயே சொல்லியிருக்கலாமே நார்பர்ட், நேத்திலேர்ந்து என் கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன் என்றார்.

ஸிக்ரிட், வண்டியைக் கிளப்பவே எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று, கண் சரியாகத் தெரியவில்லை. உனக்குப் பதினேழு வயதில், மில்வாக்கியிலிருந்து வந்த வாடிக்கையாளருக்காக வைத்திருந்த மேப்பிள் கட்டை நீ கடையும்போது உடைந்ததே, அவர் முன்னாலேயே இது உனக்கு ஒத்துவராத வேலை, இனிமே பட்டறைக்குள்ள கால் வைக்காதே என்று கத்தினேனே, அன்றைக்கும் தளர்ந்திருந்தது அதே முளைதான். சாயந்திரம் தூசி பெருக்கும்போது பார்த்தேன். அன்றைக்கே தெரியும் எனக்கு. உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு நீ பட்டறைக்கும் வரவில்லை, கொஞ்ச நாளில் ஊரிலும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆர்வில் ஏப்ரலில் திரும்பி வந்தார். பிளந்ததில் அடிப்பக்கம் ஐந்து அங்குலம் நன்றாக இருந்தது, அதைக் கைப்பிடியின் அடியில் வைத்து மேலே மேப்பிள் சேர்த்து அவரே முடித்தார். முளையை ஒவ்வொரு தடவையும் அவரே தொட்டுப் பார்த்தார். போன வாரம் கோலை உறையில் போட்டு எடுத்துப் போனார். ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கலாமா என்று கேட்டேன், இன்னும் என்னால முடியல என்றார்.

தவறு உன் மேல் இல்லை மகளே, ஒருபோதும் இருந்ததில்லை. போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், தாளில் உன்னிடம் இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன், பதில் எழுது என்று கேட்கும் உரிமை எனக்கில்லை. டாக்டர் சொன்ன இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. உன் வீட்டில் எந்தக் குழந்தையும் தான் செய்யாத தவறைச் சுமக்காமல் வளரட்டும், அதுதான் என் ஆசீர்வாதம். அம்மாவின் கல்லறைக்கு இரண்டு வாரமாகப் போகவில்லை, அவள் அன்று சொன்னபடி இதை அஞ்சலில் சேர்த்துவிட்டுத்தான் போவேன்.

உன் அப்பா,
நார்பர்ட் ஹாகன்