முரோகி கதவை மூடியது ஏன்?

அன்பு மகன் யாசுனோரிக்கு,

மோரியோகாவில் பனி விழத் தொடங்கிவிட்டது. அங்கே குளிர் எப்படி? நான் அனுப்பிய கம்பளி உள்ளாடைகளை உன்னிடம் கொடுத்தார்களா? என் முழங்கால் வலி பரவாயில்லை.

நீ போன பிறகு, வீடு வீடாகக் கைமாறும் தெரு அறிவிப்பு அட்டை நம் வீட்டுக்கு வருவதில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் நம் வாசலைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் கொடுத்துவிடுகிறாள். குப்பை எடுக்கும் கிழமை மாறியதுகூட எனக்குத் தெரியாமல் போயிற்று. அதை விடு.

போன கடிதத்தில் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாய்: ‘தொலைதூர விளக்கு’ தொலைக்காட்சித் தொடரில் முரோகி குற்றவாளி என்று தீர்ப்பாயிற்றா? எனக்கு அந்தத் தொடரின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. விசாரித்ததில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு காபிக் கடையில் அதன் ரசிகர்கள் மாதம் ஒருமுறை கூடுவதாகச் சொன்னார்கள். போனேன்.

கதை இப்போது புரிந்துவிட்டது. விண்கலத்தில் எந்திரம் பார்க்கும் முரோகி, வெளியே பழுதுபார்க்கப் போன தலைவர் திரும்புவதற்குள் கதவை மூடிவிட்டான். அவர் இறந்துபோனார். விசாரணையில் அவன் வாயே திறக்கவில்லை. முதல் பாகம் அங்கேயே முடிந்துவிட்டது. மீதி அடுத்த ஆண்டுதானாம்.

பஸ் ஓட்டும் ஓயிகாவா என்பவர் மேசையைத் தட்டி, "கொலைகாரப் பய! பேச என்ன இருக்கு? கதவு தானா மூடிக்கிச்சா?" என்றார். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மிஹோ என்ற பெண் விடவில்லை. "அண்ணே, எட்டாவது பகுதியில நீங்க தூங்கிட்டீங்க. அந்தாளு இவனை என்ன பாடு படுத்துனாருன்னு பாக்கலை" என்றாள். காரணம் இருந்தால் செத்தவர் எழுந்து வந்துவிடுவாரா என்று அவர் கேட்டார். "வரமாட்டாரு. ஆனா ஏன்னு தெரியாம எப்படிண்ணே தூக்கம் வரும்?" என்றாள் அவள்.

இல்லாத ஒருவனுக்காக அவ்வளவு நேரம் மல்லுக்கட்டினார்கள். உன் வழக்கு அதில் பாதி நேரம்கூட நடக்கவில்லை.

என்னை யார் இந்தத் தொடரைப் பார்க்கச் சொன்னார்கள் என்று மிஹோ கேட்டாள். மகன் என்றேன். எங்கே இருக்கிறான் என்றாள். வெளியூரில் வேலை என்று சொல்லிவிட்டேன். திரும்பும் பஸ்ஸில், உன்னை எங்கேயோ தனியாக இறக்கிவிட்டு வந்ததுபோல் இருந்தது.

இந்த மாதம் மறுபடி போனேன். "உங்க பையனையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன்" என்றாள் மிஹோ. சொல்லிவிட்டேன். சிறையில் இருக்கிறான், வேலை பார்த்த பட்டறையின் மேலாளரை அடித்தான், அந்த மனிதர் இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார், எல்லாவற்றையும். இரண்டு பேர் எழுந்து போனார்கள். நானும் கிளம்ப என் மேல்கோட்டை எடுத்தேன்.

ஓயிகாவாதான் என் கோப்பையைக் காட்டினார். "உக்காருங்கம்மா, காபி ஆறுது." பிறகு மெல்லக் கேட்டார்: "உங்க பையன் எந்தக் கட்சி? என் கட்சியா, இவ கட்சியா? எழுதச் சொல்லுங்க. சும்மா ஆமா, இல்லன்னா ஒத்துக்க மாட்டோம். காரணம் வேணும்."

எழுது மகனே. கடிதத்தைச் சிறையில் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். நீதிபதி ஏன் என்று கேட்டபோது நீ தலைகுனிந்து நின்றாய். நான் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கமாட்டேன். முரோகியைப் பற்றி மட்டும் எழுது. அவன் மனதில் அப்போது என்ன ஓடியிருக்கும் என்று உனக்குத் தோன்றுகிறதோ, அதை எழுது. எவ்வளவு நீளமானாலும் சரி. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, எனக்குப் படிக்க நேரம் நிறைய இருக்கிறது.

சூடாகக் கொடுப்பதைச் சூடாகவே சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வார்த்தைக்காகக் காத்திருக்கும்
அம்மா