செல்லத்தாயின் சனிக்கிழமைகள்

4 மார்ச் 1939, சனி

சென்னைப் பத்திரிகைக்கு எங்கள் பண்ணையின் வரலாற்றை எழுதி முடித்தேன். பாலஸ்தீனத்துப் பாலைநிலத்தில் யூதர்கள் கூடி உழுது, ஒரே கூடத்தில் உண்பதைப் படித்தது, சமயநல்லூருக்கு மேற்கே இந்தக் கரட்டு நிலத்தில் ஆறு குடும்பங்கள் சேர்ந்தது, கிணறு வெட்டியது. கடைசி வரி: "எங்களுக்கு ஒரே அடுப்பு, ஒரே பந்தி."

இன்று செல்லத்தாய் சமைக்கும் முறை. ஏகாதசி என்று சொல்லிவிட்டு அறையில் வாழைப்பழம் தின்றேன்.

7 மார்ச், செவ்வாய்

அவள் முறை. மறுபடியும் விரதம்.

11 மார்ச், சனி

விரதத்தில் நம்பிக்கையைக் கல்லூரியிலேயே விட்டவள் நான். நானோ, என் ஜாதிக்காரி ஜானுவோ சமைத்தால் சோறு இறங்குகிறது. செல்லத்தாய் வடித்தால் தொண்டை அடைக்கிறது. அக்கிரகாரத்தை விட்டு வந்து இருபது வருஷம் — தொண்டை மட்டும் அங்கேயே இருக்கிறதா? சீ.

18 மார்ச், சனி

களை பறிக்கையில் எல்லார் முன்னாலும் செல்லத்தாய் கேட்டாள்: "ஏம்மா, உங்க பஞ்சாங்கத்துல வாரத்துக்கு ரெண்டு ஏகாதசியா? அதுவும் நான் கரண்டி பிடிக்கிற அன்னைக்கா பாத்து வருது?"

சிரித்தார்கள். அவள் புருஷன் விருமாண்டி சிரிக்கவில்லை. நான் சிரித்தேன் — அதுதான் கேவலம்.

21 மார்ச், செவ்வாய்

கிணற்றடியில் மூன்று கல் வைத்துச் செல்லத்தாய் தனி அடுப்பு மூட்டிவிட்டாள். நான்கு குடும்பங்கள் அவள் பக்கம். அடுப்பு ரெண்டானால் நிலமும் ரெண்டுதான், அறுப்பு முடிந்ததும் பிரித்துக்கொள்ளலாம் என்கிறான் விருமாண்டி.

1 ஏப்ரல், சனி

பத்திரிகை வந்தது. நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த விருமாண்டிதான் எல்லாருக்கும் வாசித்தான். "ஒரே அடுப்பு" வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

எழுந்து சொன்னேன். விரதம் எல்லாம் பொய், செல்லத்தாய் சமைத்ததை உண்ண முடியவில்லை என்று.

"தெரியும்மா," என்றாள் அவள். "உங்க வாயால வரட்டும்னுதான் இருந்தேன்." போய்விட்டாள்.

29 ஏப்ரல், சனி

தட்டோடு கிணற்றடியில் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு நெசமாவே ஏகாதசியாம்ல? ஜானும்மா சொன்னாக," என்றாள் செல்லத்தாய்.

ஆமாம் என்று தட்டை நீட்டினேன். கம்பங்களி. முதல் உருண்டை தண்ணீர் குடித்துத்தான் இறங்கியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலாவதற்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. இத்தனை நாள் எதைப் பாதுகாத்தேன்?

30 ஏப்ரல், ஞாயிறு

கிணற்றடி அடுப்பு கலைந்து இரண்டு கல்தான் இருந்தது. மூன்றாவதில் செல்லத்தாய் குதிகால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.